யஸுய், நிகுய் தகராறு: ஜப்பானிய மொழியில் 'ஈஸி', 'கஷ்டம்' சொல்லும்போது வரும் பிழைகளும் திருத்தும் வழியும்

முதியோர் பராமரிப்பு வேலைக்காக ஜப்பான் போகவிருக்கும் நர்ஸுகளுக்கு மாலை நேரத்தில் ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு மாதிரி நேர்காணல் வைத்தோம். ஒரு மாணவி மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "கொனொ குஸுரி ஓ நொமு யஸுய் தெஸு" என்றார். "இந்த மருந்தைச் சாப்பிடுவது எளிது" என்று சொன்னதாக அவர் நினைப்பு. எதிரே இருந்த ஜப்பானிய அம்மா சிரிக்காமல், "இகுரா தெஸு கா?" என்று கேட்டார். "என்ன விலை?" என்று அர்த்தம்.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. இரண்டும் நம்மவர்கள் வழக்கமாக வழுக்கி விழும் இடங்கள்தான். வகுப்பில் நான் பார்த்தவற்றையும், ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த ஆறு வருடத்தில் நானே செய்தவற்றையும் சேர்த்து, அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேரே போய்விடலாம்.

போவதற்கு முன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். சொல்லின் நடுவில் ஒற்றை க வந்தால் 'பக்கம்' என்பதில் உள்ளதுபோல் வல்லோசையாகப் படியுங்கள், 'அகம்'போல் மெலிக்க வேண்டாம். 'தங்கம்' என்பதில் உள்ள ஓசை வரும் இடத்தை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். 'ஜ'வுக்கும் 'ஸ'வுக்கும் நடுவே வண்டு ரீங்கரிப்பதுபோல் வரும் ஒலிக்கு ஃஸ போட்டிருக்கிறேன்.

அறிகுறி: எளிது என்று சொன்னால் விலை கேட்கிறார்கள்

காரணம்: யஸுய் வினையோடு ஒட்டவில்லை. தனியாக நின்றால் யஸுய் என்பதற்கு 'மலிவு' என்றுதான் பொருள். வினையின் அடியோடு ஒட்டினால்தான் 'எளிது' ஆகும்.

அகராதியில் இருக்கும் வடிவத்தோடு ஒட்டக்கூடாது. மரியாதை வடிவத்தை எடுத்து, கடைசி 'மஸு'வை வெட்டி, மிச்சத்தோடு ஒட்ட வேண்டும். நொமிமஸு: நொமி, நொமியஸுய். தபெமஸு: தபெ, தபெயஸுய். ஷிமஸு: ஷி, ஷியஸுய். 'கடினம்' என்பதற்கான நிகுய்யும் இதே வழியில்தான் ஒட்டும்: நொமிநிகுய், தபெநிகுய். கட்டுரையில் வரப்போகும் மற்ற எல்லா வால்களுக்கும் இதே வெட்டு, இதே ஒட்டு. இதை ஒருமுறை கையில் பழக்கிவிட்டால் பாதிக் கதை முடிந்தது.

சிலர் 'முடியும்' வடிவத்தோடு ஒட்டுவார்கள். யொமெரு என்றால் 'படிக்க முடியும்'. அதிலிருந்து யொமெயஸுய் என்று ஒன்று செய்வார்கள். அப்படி ஒரு சொல் இல்லை, யொமியஸுய்தான். எளிது, கடினம் என்பதிலேயே முடியும், முடியாது அடங்கிவிட்டது. மியெரு, 'கண்ணுக்குத் தெரிதல்', இதில் சேராது. அது தானாக நடக்கும் வினை, மியெநிகுய் தாராளமாகச் சொல்லலாம். கண்புரை வந்த தாத்தாக்கள் தினமும் சொல்வதுதான்.

எழுதும்போது இன்னொரு சிக்கல். கைபேசியில் யஸுய் என்று தட்டினால் முதலில் மலிவைக் குறிக்கும் கஞ்ஜி, அதாவது சீனாவிலிருந்து வந்த பட எழுத்து, வந்து நிற்கும். அதைத் தொட்டுவிடாதீர்கள். வினையோடு ஒட்டும் யஸுய்யை ஒலியெழுத்தான ஹிரகனாவில் எழுதுவதே வழக்கம்.

அறிகுறி: வினை சரியாக இருக்கிறது, ஆனாலும் முகம் சுளிக்கிறார்கள்

பெரும்பாலும் 'ஓ' என்ற உருபுதான் குற்றவாளி. "மருந்தை" என்று தமிழ் நினைப்பதால் "குஸுரி ஓ" என்று நாக்கு போய்விடுகிறது. யஸுய் ஒட்டியவுடனே வினை உரிச்சொல்லாக மாறிவிடுகிறது. இனி நீங்கள் மருந்தைப் பற்றிய ஒரு குணத்தைச் சொல்கிறீர்கள், மருந்துக்கு ஏதோ செய்வதைச் சொல்லவில்லை. ஆகவே மருந்து எழுவாயாக முன்னே வந்து உட்காரும்: "கொனொ குஸுரி வ நொமியஸுய் தெஸு." எது என்று தேர்ந்து சொல்லும்போது 'வ' போய் 'க' வரும், இந்தக் க தங்கத்தின் க.

யாருக்கு எளிது என்று சொல்லவேண்டுமா? இங்கே தமிழ் கைகொடுக்கும். நாம் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமை போடுவதுபோல அவர்கள் 'நி' போடுகிறார்கள். "வதஷி நி வ நொமிநிகுய்" என்றால் "எனக்கு இது விழுங்கக் கஷ்டம்".

கருவியும் இடமும்கூட இப்படி எழுவாயாக வரும். "கொனொ ஸ்பூன் வ தபெயஸுய்." தமிழில் "இந்தக் கரண்டியால்" என்று 'ஆல்' தேடி, 'தெ' உருபு போட்டுக் குழம்புவோம். தேவையே இல்லை. நம் வீட்டிலேயே "இந்தக் கரண்டி சாப்பிட வாகா இருக்கு" என்று சொல்கிறோமே, அதே கட்டு.

சொல்லப்போனால் யஸுய்க்கு 'எளிது' என்று எழுதி வைத்திருக்கும் கையேடுகள்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கட்சி. 'வாகாக இருக்கிறது' என்று எழுதியிருந்தால் எவ்வளவோ தெளிவு. வாகு பொருளிடம் இருப்பது, செய்கிறவரின் திறமையிடம் இருப்பதல்ல.

'ஓ' எங்குமே வராது என்றும் முடிவு கட்டாதீர்கள். "முதியவர்கள் மருந்தைச் சாப்பிட வசதியாக இருக்கும்படி" என்று உள்வாக்கியமாக வரும்போது "குஸுரி ஓ நொமியஸுய் யோ நி" என்று 'ஓ' நிற்கும். "கஃஸெ ஓ ஹிகியஸுய்", அதாவது 'சட்டென்று சளி பிடித்துவிடும்', அதிலும் 'ஓ' அசையாது. அதன் காரணம் அடுத்த அறிகுறியில்.

அறிகுறி: 'எளிது' என்று மொழிபெயர்த்தால் அபத்தமாக வருகிறது

பராமரிப்புக் குறிப்பேட்டில் "கொரொபியஸுய்" என்று எழுதியிருக்கும். கொரொபு என்றால் தடுக்கி விழுதல். "இவர் விழ எளிது" என்று படித்துவிட்டுத் தலையைச் சொறிந்த மாணவர்கள் உண்டு.

யஸுய்க்கு இரண்டு முகம். எது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: அந்தச் செயலை யாராவது வேண்டுமென்று செய்வார்களா? மருந்து சாப்பிடுவது வேண்டுமென்று செய்வது. அங்கே 'செய்ய வாகானது' என்று பொருள். விழுவதை, சளி பிடிப்பதை, உடைவதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. அங்கே 'சட்டென்று நடந்துவிடும்', 'அடிக்கடி நேரும்' என்று பொருள். பேச்சு சளியின் குணத்தைப் பற்றியதல்ல, சளி பிடிக்கும் ஆளைப் பற்றியது, அதனால்தான் "கஃஸெ ஓ" அப்படியே நின்றது. கொரொபியஸுய் என்றால் "இவர் தடுக்கி விழக்கூடியவர், பக்கத்திலேயே இருங்கள்".

இரண்டு முகமும் ஒரே மூச்சில் வரும் காட்சி ஒன்று சொல்கிறேன். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குத் தண்ணீரை அப்படியே கொடுக்கமாட்டார்கள். ஒரு பொடியைக் கலந்து, நம்மூர் கஞ்சித் தெளிவைப்போல் லேசாகக் கெட்டியாக்கிக் கொடுப்பார்கள். அந்தக் கெட்டித்தன்மைக்குத் தொரொமி என்று பெயர். எனக்கு வேலை கற்றுக் கொடுத்த மூத்த ஊழியர், கோப்பையைச் சாய்த்துக் காட்டியபடி சொன்னது: "மிஃஸு வ முஸெயஸுய் தெஸு. தொரொமி ஓ த்ஸுகெரு தொ, நொமியஸுய் தெஸு." முஸெரு என்றால் புரையேறுதல். முதல் வாக்கியம்: "வெறும் தண்ணீர் சட்டென்று புரையேறும்." இரண்டாவது: "தொரொமி சேர்த்தால் குடிக்க வாகாக இருக்கும்." ஒரே யஸுய்தான், முதலாவது எச்சரிக்கை, இரண்டாவது ஆறுதல். இரண்டையும் 'எளிது' என்று படித்தால் முதல் வாக்கியத்தைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தண்ணீரைக் கொடுத்துவிடுவோம்.

இங்கே ஒரு கிளைப் பிழை உண்டு, அதில் தமிழர்களுக்கு மற்றவர்களைவிட லாபம் அதிகம். கண்ணாடித் தம்ளர் எளிதில் உடையும் என்பது வரெயஸுய். சேர்ந்தாற்போல் இருக்கும் மரக்குச்சி ஜோடியை, அந்த வரிபஷியை, சாப்பிடுமுன் பிளப்பார்களே, அது பிளக்க வாகாக இருக்கிறது என்பது வரியஸுய். ஓர் எழுத்துதான் வித்தியாசம். வரெரு 'உடையும்', வரு 'உடைக்கும்'. நம்மிடம் உடைகிறது, உடைக்கிறது என்று இதே ஜோடி இருக்கிறது. பிரிகிறது, பிரிக்கிறது. எரிகிறது, எரிக்கிறது. இப்படி ஜோடியாக வரும் ஜப்பானிய வினை என்றால் முதலில் அது 'உடைகிறது' கட்சியா, 'உடைக்கிறது' கட்சியா என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் கட்சி என்றால் 'சட்டென்று நேரும்', இரண்டாவது என்றால் 'செய்ய வாகு'.

அறிகுறி: நிகுய் என்று எழுதிய பொருளை மட்டமான சரக்கு என்று நினைத்துவிட்டேன்

திரைச்சீலைக் கடையில் 'மொயெநிகுய்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். மொயெரு, எரிதல். நிகுய் என்றால் கடினம், குறை, சிக்கல் என்றே பழகிய கண்ணுக்கு அது ஏதோ எச்சரிக்கைபோல் தெரியும். உண்மையில் அது விளம்பரம்: லேசில் தீப்பிடிக்காது. வரெநிகுய் என்றால் லேசில் உடையாத தட்டு. யொகொரெநிகுய் என்றால் லேசில் அழுக்காகாத துணி.

தானாக நடக்கும் வினையோடு நிகுய் சேர்ந்தால் 'லேசில் நடக்காது' என்று தமிழில் மாற்றிப் பாருங்கள், பொருள் உடனே விழும். நடக்காமல் இருப்பது நல்லதா கெட்டதா என்பது அந்த வினையைப் பொறுத்தது. எரியாதது நல்லது. காயாத துணி, கவகிநிகுய், மழைக்காலத் தொல்லை.

அறிகுறி: நிகுய்யா, ஃஸுராய்யா என்று ஒவ்வொரு தடவையும் திக்குகிறேன்

இரண்டுக்கும் மூலம் தெரிந்தால் திக்கல் குறையும். நிகுய் தனியாக நின்றால் 'வெறுப்பாக இருக்கிறது' என்று பொருள். ஃஸுராய் என்பது த்ஸுராய், அதாவது 'வேதனை', சொல்லின் நடுவே வந்து மெலிந்த வடிவம். ஆகவே ஃஸுராய்யில் எப்போதும் செய்கிறவரின் உடம்போ மனசோ கொஞ்சம் வலிக்கிறது.

தரை மேடுபள்ளமாக இருந்தால் அருகிநிகுய், நடக்க வாகில்லாத தரை. முழங்கால் வலிக்கும் பாட்டி "அருகிஃஸுராய்" என்பார். அவர் நிகுய் போட்டாலும் தப்பில்லை. நிகுய் பரந்தது, இரண்டு பக்கமும் போகும். ஃஸுராய் குறுகியது. எரிவது, உடைவதுபோலத் தானாக நடப்பவற்றோடு ஃஸுராய் வைப்பதை இலக்கணப் புத்தகங்கள் ஒப்புவதில்லை. திரைச்சீலைக்கு ஏது வேதனை? இன்றைய பேச்சில் இந்தக் கோடு கொஞ்சம் அழிந்து வருகிறது, ஆனால் தேர்வுத்தாளில் அழியவில்லை. சந்தேகம் வந்தால் நிகுய் போடுங்கள், பெரும்பாலும் காப்பாற்றும்.

இதில் ஒன்றைத் தனியாகக் கற்க வேண்டும்: ஈநிகுய், அல்லது ஈஃஸுராய், 'சொல்லக் கடினம்'. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். குளியல் நேரம். ஒரு பாட்டி என்னை அருகில் அழைத்து, "ஈநிகுய் ன் தெஸு கெதொ..." என்று இழுத்து நிறுத்தினார். பேச நாக்கு வரவில்லை போலிருக்கிறது, பக்கவாதமாக இருக்குமோ என்று பதறி, "மெதுவாகச் சொல்லுங்கள், அவசரமே இல்லை" என்று குனிந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி இன்னும் சங்கடப்பட்டுப் போனார். பின்னால் வந்த ஊழியர் ஒருவர் புரிந்துகொண்டு என்னை நகரச் சொன்னார். குளிப்பாட்டப் பெண் ஊழியர் வந்தால் நல்லது என்பதுதான் பாட்டி சொல்ல வந்தது.

ஈநிகுய்க்கு 'வாயில் நுழையாத சொல்' என்றும் பொருள் உண்டு, 'சொல்ல ஒரு மாதிரியாக இருக்கிறது' என்றும் உண்டு. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்து, பின்னால் 'கெதொ' அல்லது 'க' (தங்கத்தின் க) என்று இழுத்தால் இரண்டாவதுதான். அடுத்து வருவது புகாராகவோ, மறுப்பாகவோ, கடனாகவோ இருக்கும். குனிய வேண்டாம், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

தட்டச்சுப் பிழை ஒன்றையும் இங்கேயே முடித்துவிடுவோம். ஃஸுராய்யை ஒலிப்படி தட்டினால் வேறு எழுத்து வந்து விழும். ஃஸு ஒலிக்கு ஹிரகனாவில் இரண்டு எழுத்துகள். த்ஸுவிலிருந்து மெலிந்து வந்ததால், த்ஸு எழுத்தின் மேல் இரண்டு கோடு போட்டதுதான் இங்கே சரி. ஆங்கில விசைப்பலகையில் அதை வரவழைக்க டி-யூ-ஆர்-ஏ-ஐ என்று தட்ட வேண்டும். ஆமாம், நம்ம துரைதான். வகுப்பில் இதைச் சொன்ன நாளிலிருந்து ஒருவரும் தப்பாக அடிப்பதில்லை. ஜப்பானியர்களே அடிக்கடி தப்பும் இடம் இது.

அறிகுறி: 'நுழைவது கஷ்டம்' என்றேன், 'ஏன், பயமா?' என்று கேட்டார்கள்

அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது கஷ்டம் என்று சொல்ல வந்து, 'ஹைரிநிகுய்' என்று சொல்லியிருப்பீர்கள். ஹைரிநிகுய் மிஸெ என்றால் உள்ளே போகத் தயக்கமாக இருக்கும் கடை: கண்ணாடியில் விலைப்பட்டியல் இல்லை, உள்ளே நாலு வாடிக்கையாளர்கள் முதலாளியோடு தோள்மேல் கைபோட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வாசலில் நின்று திரும்பிவிடுவோமே, அது.

திறமை, உழைப்பு, போட்டி ஆகியவற்றால் வரும் கஷ்டத்துக்கு நிகுய் பொருந்தாது. வினையைப் பெயராக்கி முஃஸுகஷீ போடவேண்டும்: "ஹைரு நொ வ முஃஸுகஷீ." ஒரு கஞ்ஜியில் இருபது கோடு இருக்கிறது, நினைவு வைத்து எழுதத் திணறுகிறீர்கள் என்றால் முஃஸுகஷீ. தாள் வழவழப்பாக இருப்பதால் பேனா வழுக்குகிறது என்றால் நிகுய். கஷ்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று விரலை நீட்டிக் காட்டிப் பாருங்கள். காகிதம், செருப்பு, கரண்டி என்று ஏதாவது ஒரு பொருளின்மேல் விரல் போனால் நிகுய். காற்றில் நின்றால் முஃஸுகஷீ.

ஆளைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் கவனம். "அந்த மேலாளர் ஹனஷிநிகுய்" என்றால் அவரிடம் வாய்கொடுக்க மனசு வராது என்று அர்த்தம். அவருடைய ஜப்பானிய மொழி புரியவில்லை என்று சொல்லத்தான் வந்தீர்கள் என்றால் வீண் வம்பு.

முஃஸுகஷீக்கும் ஒரு மறைவான வேலை உண்டு. விடுப்பு கேட்கிறீர்கள். மேலாளர் மூச்சை இழுத்து, தலையைச் சாய்த்து, "சொத்தொ முஃஸுகஷீ தெஸு நெ" என்கிறார். 'கொஞ்சம் கஷ்டம்தான்' என்று எடுத்துக்கொண்டு, கொஞ்சம் முயன்றால் கிடைத்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். அது 'முடியாது'. நம் ஊரில் "பார்க்கலாம்" என்பதுபோலத்தான்.

அறிகுறி: கதாய் போட்டேன், கல்வெட்டு மாதிரி பேசுகிறாயே என்றார்கள்

முதல் எழுத்து தங்கத்தின் க. ஐகாரம் போட்டு எழுதினால் 'கதை' என்றே விழுந்துவிடும் என்பதால் இப்படி எழுதுகிறேன்.

மூட்டு வலியால் நடக்கக் கஷ்டம் என்பதற்கு அருகிகதாய் என்று சொன்னால் தவறு. உடம்பின் சிரமத்துக்கும் பொருளின் வாகுக்கும் இது வராது. மனம் ஏற்க மறுப்பதற்கு மட்டும், அதுவும் பெரும்பாலும் எழுத்தில். ஷின்ஜிகதாய், நம்புதற்கரிய. தயெகதாய், தாங்கொணாத. வஸுரெகதாய், மறக்கவியலாத. ஸுதெகதாய், தள்ள மனம் வராத: இரண்டு புடவையில் எதை விடுவது என்று நிற்கும்போது சொல்வது.

பார்த்தீர்களா, தமிழாக்கும்போது நம் நடையும் தானாகவே ஏறிவிட்டது. 'அரிய', 'ஒணாத' என்று எங்கே சொல்லத் தோன்றுகிறதோ அங்கே கதாய் போடுங்கள். டீக்கடையில் "இந்த வடை தின்னற்கரியது" என்று சொல்வோமா?

இந்தச் சொல் உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. 'அரிகதோ' என்று நன்றி சொல்கிறோமே, அது அரிகதாய் என்பதிலிருந்து வந்தது. 'அரு' என்றால் இருத்தல், கதாய் என்றால் அரிது. இருத்தற்கு அரியது, எளிதில் வாய்க்காதது, ஆகவே போற்றத்தக்கது. அரிது என்பதிலிருந்து அருமை என்று நாம் போன அதே வழியில் அவர்களும் போயிருக்கிறார்கள். மொழிகளுக்குள் உறவு என்று கிளம்பிவிடாதீர்கள். கிடைக்காததைத்தான் மனுஷன் எங்கேயும் கொண்டாடுகிறான், அவ்வளவுதான்.

அறிகுறி: வால் மாற்றும்போது உடைகிறது

"யஸுய் தெஷித", "நிகுய் ஜ நாய்" என்று வந்தால் பிழை. யஸுய், நிகுய், ஃஸுராய், கதாய் நான்கும் 'இ' என்று முடியும் சாதாரண உரிச்சொற்கள்தான். யஸுகத்த (வாகாக இருந்தது), யஸுகுனாய் (வாகாக இல்லை), யஸுகுதெ (வாகாக இருந்து), யஸுகு நரு (வாகாக ஆகும்). வேலையில் அதிகம் கேட்பது யஸுகு: "தபெயஸுகு கிரு", சாப்பிட வாகாக நறுக்குவது. பெயராக்க யஸுஸா: த்ஸுகாயியஸுஸா, கையாளும் வசதி.

வகரியஸுய், 'புரிய எளிது', என்ற சொல்லை அரசு அலுவலக அறிவிப்புகளில் நிறையப் பார்ப்பீர்கள். 1995 ஜனவரி 17-இல் கோபே பகுதியைக் குலுக்கிய நிலநடுக்கத்தின்போது அறிவிப்புகள் புரியாமல் வெளிநாட்டவர் தவித்ததிலிருந்துதான் 'யஸஷீ நிஹொங்கொ', எளிய ஜப்பானியம், என்ற முயற்சி கிளம்பியது. 2020 ஆகஸ்டில் அரசே அதற்கு வழிகாட்டி வெளியிட்டது. யஸஷீ என்பதற்கு எளிது, கனிவு என்று இரண்டு பொருள். ஹிரகனாவில் எழுதினால் எது என்று பிரித்தறிய முடியாது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்-4 நிலையில் (எண் குறையக் குறையக் கடினம்) இருக்கும் மாணவர்கள் அந்த அறிவிப்புகளைத் தினம் ஒன்று படித்தால் போதும், கையேடு இரண்டாம் பட்சம்.

அறிகுறி: இலக்கணம் எல்லாம் சரி, ஆனால் 'இறைச்சியா?' என்கிறார்கள்

நிகுய்யின் கடைசி ஒலியை விழுங்கிவிட்டீர்கள். நிகு என்றால் இறைச்சி. தபெநிகு என்று காதில் விழுந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? கடைசி 'இ'க்கு ஒரு முழு மாத்திரை கொடுங்கள்: நி-கு-இ, மூன்று தட்டு. நடுவில் கு வல்லோசை. நம் பழக்கத்தில் 'நிகு' என்பது 'நிஹு' ஆகிவிடும். 'நிக்கு' என்று அழுத்தினாலும் தவறு, தட்டு நான்காகிவிடும். மேசையில் விரலால் மூன்று தட்டு தட்டிக்கொண்டே பழகுங்கள். என் மாணவர்கள் பேருந்தில் தட்டிப் பக்கத்து இருக்கைக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அறிகுறி: 'மஸு' என்று முடித்தார், சரி என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன்

இது என்-2 விஷயம் என்று கையேடுகள் தள்ளிவைக்கும். ஆனால் போய் இறங்கிய முதல் வாரமே அலுவலக ஜன்னலில் காதில் விழும். வாலின் பெயர் கனெரு. வினையடியோடு ஒட்டி, 'செய்ய மனமிருந்தாலும் என் நிலைமையில் இயலாது' என்று சொல்கிறது. வகரிகனெமஸு, 'எனக்குத் தெரியவில்லை' என்பதன் அலுவலக நடை. இதஷிகனெமஸு, 'செய்வதற்கில்லை'. தெகிகனெமஸு, 'இயலாது'.

கொடுமை என்னவென்றால் இதில் 'இல்லை' என்பதற்கான எந்த ஒலியும் கிடையாது. தெகிமஸு என்றால் 'முடியும்'. நடுவில் 'கனெ' என்ற இரண்டெழுத்து நுழைந்து எதிர்மறையாக்கிவிடுகிறது. முன்னும் பின்னும் மட்டும் காதில் விழும் புதியவருக்குக் கேட்பது 'முடியும்'. அலுவலக ஊழியர் 'மோஷிவகெ' என்று மன்னிப்பில் தொடங்கினால் அந்த இடத்திலேயே உஷாராகி, நடுவில் 'கனெ' வருகிறதா என்று கேளுங்கள்.

சொந்தத் திறமை இல்லாததற்கு இதைப் போடக்கூடாது. "எனக்கு ஜப்பானிய மொழி பேச வராது" என்பதற்கு ஹனஷிகனெமஸு சொன்னால், ஏதோ ரகசியத்தை வெளியிட மறுக்கும் அதிகாரிபோல் இருக்கும்.

இதற்கே எதிர்மறை சேர்த்தால் இன்னொரு குழி. கனெனாய் என்றால் 'செய்யாமலிருக்காது', அதாவது 'நடந்தாலும் நடந்துவிடும்', அதுவும் கெட்டதற்கு மட்டும். "ஜிகொ நி நரிகனெனாய்" என்பதை 'விபத்து ஆகாது' என்று படித்தால் தலைகீழ். 'விட்டால் விபத்தில் முடியும்' என்கிறது. "பரீட்சையில் பாஸாகிகனெனாய்" என்று நல்லதற்குச் சொல்ல முடியாது, சொன்னால் பாஸாவதை ஆபத்தாகக் கருதுகிறீர்கள் என்று ஆகும்.

கனெருவை நான் கற்ற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் போன புதிதில் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கப் போனேன். முத்திரை வைக்க வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். இப்படியே வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டேன். ஜன்னலில் இருந்த அம்மா நாலு வரி பேசி "தெகிகனெமஸு" என்று முடித்து, தலை வணங்கினார். நானும் வணங்கி நன்றி சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், எண்ணைக் கூப்பிடுவார்கள் என்று. இருபது நிமிஷம். கடைசியில் அவரே எழுந்து வந்து என் எதிரில் நின்று, இரண்டு கைகளையும் மார்புக்கு முன் பெருக்கல் குறியாக வைத்துக் காட்டினார்.

மறுநாள் முத்திரையோடு போனேன். அதே ஜன்னல், அதே அம்மா. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, நேற்றைக்குப் புரியாதபடி பேசியதற்கு மன்னிக்கணும் என்பதுபோல் லேசாகச் சிரித்து, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னார்: "வகரிநிகுகுதெ, ஸுமிமஸென்."